வெளிச்சத்தில் வயிறு நிறைக்கும் மட்டி

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் மீன்களெல்லாம் நன்றாக இருக்க, மட்டிகள் மட்டும் சில மாதங்களில் செத்துவிடுகின்றன, தண்ணீரில் என்ன குறை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் தண்ணீரில் குறை இருக்காது. மட்டி பட்டினியால் சாகிறது.

சாதாரண மட்டி தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளால் வடிகட்டித் தின்னும். தெளிந்த தொட்டி நீரில் வடிகட்ட என்ன இருக்கிறது? தண்ணீரைச் சுத்தமாக வைக்க நாம் எவ்வளவு பாடுபடுகிறோமோ, அவ்வளவுக்கு அதன் சாப்பாடு குறையும். உடம்பில் சேர்த்து வைத்ததைக் கரைத்துக்கொண்டே கொஞ்ச நாள் ஓட்டும், அப்புறம் முடிந்துவிடும். ஆகவே மணலில் புதையும் சாதாரண வகைகளை வாங்காதீர்கள்.

வருடக்கணக்கில் வாழக்கூடியவை ட்ரைடாக்னா என்னும் ராட்சத மட்டிகள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஜைகாஸ் என்ற வகைதான் 1 மீட்டரைத் தாண்டி, 200 கிலோவுக்கு மேல் வளரும். க்ரோசியா சுமார் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். இவற்றின் ஓட்டுக்கு வெளியே விரியும் சதை மடலில் கோடிக்கணக்கான நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கையில் சமைப்பதில் பெரும்பங்கு மட்டிக்கு, மட்டி கழிக்கும் அம்மோனியா பாசிக்கு. பவளத்திலும் இதே ஏற்பாடு உண்டு, ஆனால் அங்கே பாசி செல்லுக்குள் இருக்கும். மட்டியிலோ, வயிற்றிலிருந்து கிளைத்து மடல் முழுக்கப் பரவும் நுண்குழாய்களுக்குள் இருக்கிறது. தன் வயிற்றையே வெயிலில் விரித்து வைத்திருக்கும் விலங்கு இது!

என்னை மயக்குவது இதற்கடுத்த விஷயம். வெப்பமண்டலக் கடலின் உச்சிவெயில் பாசிக்குத் தேவைக்கு மிக அதிகம். மேலே இருக்கும் பாசி கருகும், அதன் நிழலில் இருப்பது இருட்டில் வாடும். மட்டி இதைச் சமாளிக்கும் விதத்தை ஆய்வாளர் அலிசன் ஸ்வீனியின் குழு 2014இல் விளக்கியது. மடலின் மேற்பரப்பை ஒட்டி ஐரிடோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும். பாசிக்குப் பெரிதாகப் பயன்படாத நிறங்களை இவை வெளியே திருப்பி அனுப்புகின்றன. மடலில் நாம் பார்த்து வியக்கும் மினுமினுப்பு அப்படித் திரும்பி வந்த ஒளிதான். பயன்படும் நிறங்களை உள்நோக்கி, லேசாகச் சிதறடித்து அனுப்புகின்றன. கீழே பாசிகள் செங்குத்தான தூண்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சிதறிய ஒளி தூண்களின் உச்சியில் குவியாமல் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை படுகிறது. எந்தப் பாசிக்கும் அதிகமில்லை, எதற்கும் பட்டினியில்லை.

மட்டி ஏன் மின்னுகிறது என்று பார்ப்பதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பாசியைப் பெருமளவில் வளர்த்து எரிபொருள் எடுக்க முயல்பவர்கள் திணறுவது இதே சிக்கலில்தான்: மேலே கருகல், கீழே இருட்டு. விடை ஒரு மட்டியின் சதைக்குள் இருக்கிறதென்று யார் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து நிதி கேட்டிருக்க முடியும்?

சரி, தொட்டிக்கு வருவோம். ட்ரைடாக்னாவில் க்ரோசியா, மேக்சிமா என்ற இரண்டு வகைகளுக்கும் பலத்த வெளிச்சம் வேண்டும், பாறைமேல் உயரத்தில் வையுங்கள். டெராசா, ஸ்குவாமோசா என்ற வகைகள் கொஞ்சம் குறைந்த வெளிச்சத்தில், கீழேயே பிழைக்கும். ஓடு கட்ட கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் இருக்கட்டும். நைட்ரேட்டைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டாம், பாசிக்கு அது உரம்.

மடலின் விளிம்பில் வரிசையாகச் சின்னஞ்சிறு கண்கள் இருக்கும், நூற்றுக்கணக்கில். தொட்டிமேல் கையை நீட்டி நிழல் விழச் செய்யுங்கள், சதை சட்டென்று உள்ளே சுருங்கினால் மட்டி நலம். இந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் ராட்சத மட்டி முக்குளிப்பவரின் காலைக் கவ்விக் கொன்றுவிடும் என்ற கதை கிளம்பியிருக்க வேண்டும். பெரிய ஜைகாஸால் தன் இரண்டு ஓடுகளையும் முழுசாக மூடக்கூட முடியாது. பாவம், அதைக் கொலைகாரனாக்கிவிட்டார்கள்.

பாறையை நூல்களால் பற்றிக்கொண்ட மட்டியை ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள். நூல் சுரக்கும் சுரப்பி கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. கூரிய பிளேடால் பாறையை ஒட்டி நூலை அறுங்கள். அடிப்பக்கத்தில் அரிசியளவு வெள்ளை நத்தைகள் இருந்தால் பொறுக்கியெடுங்கள், அவை மட்டியின் சாற்றை உறிஞ்சுபவை. வாங்கும்போது பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். பசிபிக் பெருங்கடலின் பலாவு தீவில் 1980களிலேயே இவற்றைப் பெருமளவில் பொரித்து வளர்த்தார்கள், கடலிலிருந்து பறிக்கத் தேவையே இல்லை. புது மட்டியை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைக்காமல், வாரக்கணக்கில் படிப்படியாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் பாசிகள் வெளியேறி மடல் வெளுக்கத் தொடங்கும்.