அனிமேஷன்: அசைவா, உயிரா?

"பொம்மைப்படத்துக்கா கூட்டிட்டுப் போறே?" என்று அம்மா கேட்டாள். அக்கா மகன் உடனே திருத்தினான்: "அம்மாச்சி, அது பொம்மைப்படம் இல்ல, அனிமேஷன்."

2024 ஜூனில் பிக்ஸாரின் 'இன்சைட் அவுட்' இரண்டாம் பாகம் வந்திருந்த சமயம் அது. முதல் பாகத்தைப் பையன் வீட்டில் எத்தனை முறை பார்த்திருப்பான் என்பதற்குக் கணக்கே இல்லை. குடும்பத்தோடு பார்க்கிற நகைச்சுவைப் படம் என்று சொல்லித்தான் அம்மாவைக் கிளப்பினேன். 'குடும்பப்படம்' என்றாலே நம் ஊரில் கைக்குட்டை எடுத்துப் போகிற வழக்கம் என்பதால், 'நகைச்சுவை' என்பதை இரண்டு முறை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அரங்கில் உட்கார்ந்த பிறகும் வழக்கு ஓயவில்லை. "சரி, அனிமேஷன்னா தமிழ்ல என்ன?" என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன்: "அசைவூட்டம்." பையன் பாப்கார்ன் மெல்வதை நிறுத்திவிட்டு, "அசைவ ஊட்டமா? சிக்கன் மாதிரியா?" என்றான்.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். இலக்கணப்படி பார்த்தால் அவன் கேட்டது தவறு. அசைவு, ஊட்டம் இரண்டும் சேர்ந்தால் அசைவூட்டம். அசைவ, ஊட்டம் என்பவை சேர்ந்தால் அசைவவூட்டம். ஒரு வகரம் கூடும். ஆனால் காது புணர்ச்சி விதியைப் பார்த்துக்கொண்டா கேட்கிறது? ஒரு கலைச்சொல்லைக் கேட்டதும் குழந்தைக்குப் பிரியாணி நினைவுக்கு வந்தால், அந்தச் சொல்லை ஒருமுறை எடுத்துத் தட்டிப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

அனிமேஷனின் மூலம் லத்தீன். அந்த மொழியில் 'அனிமா' என்றால் மூச்சு. அதிலிருந்து உயிர், ஆன்மா என்று பொருள் விரிந்தது. 'அனிமாரே' என்றால் உயிர் கொடுத்தல். மூச்சு விடுகிறது என்பதால்தான் விலங்குக்கு அனிமல் என்று பெயர். ஆங்கிலத்துக்கு வந்த அனிமேஷன் சில நூற்றாண்டுகள் துடிப்பு, உற்சாகம் என்ற பொருளில்தான் புழங்கியது. ஒருவர் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, முகம் மலரப் பேசினால் அதற்கு அந்தச் சொல். வரைந்த உருவங்களைத் திரையில் நடமாட விடும் கலைக்கு அது பெயரானது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஜப்பானியர்கள் இதே சொல்லை வாங்கி, வாலை வெட்டி, 'அனிமே' ஆக்கிக்கொண்டார்கள்.

இந்த அனிமாவுக்கு நமக்குத் தெரிந்த உறவுக்காரர்களும் உண்டு. சமஸ்கிருதத்தில் 'அன்' என்ற வேருக்கு மூச்சு விடுதல் என்று பொருள். பிராணன் அதில் பிறந்தது. காற்றைக் குறிக்கும் அநிலம் என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளை. லத்தீன் அனிமாவும் இவையும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஆக, 'பிராணன் போகுது' என்று அலுத்துக்கொள்ளும் பாட்டியும், அனிமேஷன் என்று அடம்பிடிக்கும் பேரனும் தூரத்துச் சொந்தமான இரண்டு சொற்களைத்தான் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார்கள்.

தமிழ் வேறு குடும்பம். ஆனால் இங்கேயும் சொல் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். உயிர்ப்பு என்றால் மூச்சு. பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். பிரிவில் வாடும் சங்ககாலத் தலைவி 'வெய்துயிர்க்கிறாள்', அதாவது சூடாக மூச்சு விடுகிறாள். மூச்சுதான் உயிர் என்று லத்தீன்காரனுக்குத் தோன்றியது போலவே தமிழனுக்கும் தோன்றியிருக்கிறது. அனிமேஷனை வேர் வரைக்கும் போய் மொழிபெயர்த்தால் வருவது உயிரூட்டம்தான்.

அப்படியானால் அசைவூட்டம் எப்படி வந்தது? செய்முறையைப் பார்த்து வைத்த பெயர் அது. ஒரு படம் வரைகிறீர்கள். கையை ஒரு நூல் அளவு தள்ளி அடுத்த படம். இப்படி அடுக்கி, நொடிக்கு 24 என்ற கணக்கில் ஓட்டினால் கை அசைகிறது. 1908இல் பிரான்சின் எமில் கோல், நூற்றுக்கணக்கான கோட்டுச் சித்திரங்களை வைத்து இரண்டு நிமிடத்துக்கும் குறைவான படம் ஒன்றை இப்படித்தான் எடுத்தார். அன்று காகிதம், இன்று கணினி; அடிப்படை முறை மட்டும் மாறவில்லை. நாங்கள் பார்த்த படம் 96 நிமிடம். நொடிக்கு 24 என்றால் 1,38,240 சட்டகங்கள். ஒன்றில்கூட எதுவும் அசைவதில்லை. எல்லாம் நின்றுபோன படங்கள். அசைவு நம் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே எங்கோ நடக்கிறது. அந்த வகையில் அசைவூட்டம் நேர்மையான சொல். செய்வதைச் சொல்கிறது.

ஆனால் செய்வதை மட்டும்தான் சொல்கிறது. இந்த இடத்தில் எனக்கு வள்ளுவர் நினைவுக்கு வந்தார். நம்மிடம் திரைப்படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாவைக்கூத்து இருந்தது. மரத்தில் செய்த உருவத்தைக் கயிறு கட்டி ஆட்டுவது. அதை வள்ளுவர் இரண்டு இடங்களில் உவமையாக்குகிறார். ஒன்று இரவு, அதாவது யாசித்தல், என்ற அதிகாரத்தில்:

இரப்பாரை இல்லாயின் ஈர்ங்கண்மா ஞாலம்
மரப்பாவை சென்றுவந் தற்று.

கேட்பவர்கள் இல்லாத உலகில் மனிதர்கள் போய் வருவது மரப்பாவை போய் வருவது போல என்கிறார். இங்கே பாவை போகிறது, வருகிறது, அவ்வளவுதான். அசைவு உண்டு, உயிர் இல்லை. மற்றொன்று நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 1020:

நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று.

மனதில் நாணம் இல்லாதவர்கள் நடமாடுவது, மரப்பாவை கயிற்றால் ஆட்டப்பட்டு உயிருள்ளது போல மயக்குவதற்கு ஒப்பு. முதல் அடியில் நாண் என்றால் வெட்கம், இரண்டாம் அடியில் நாண் என்றால் கயிறு. அதே மரப்பாவைதான், ஆனால் இந்த முறை அது வெறுமனே போய் வரவில்லை. பார்ப்பவரை மயக்குகிறது. அதற்கு அவர் போட்டிருக்கும் சொல் 'உயிர்மருட்டி'. டிஸ்னியின் மூத்த ஓவியர்களான பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தங்கள் தொழில் ரகசியங்களை எல்லாம் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார்கள். இன்றும் அந்தத் துறைக்கு அது வேதம் மாதிரி. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'உயிரெனும் மாயத்தோற்றம்' என்று வரும். வள்ளுவருடைய ஒரு சொல்லை இவர்கள் ஒரு புத்தகத் தலைப்பாக விரித்திருக்கிறார்கள் என்று நான் பெருமையடித்துக்கொண்டால் அது வம்பு. பொம்மலாட்டத்தைப் பார்த்த ஒருவருக்கும் பொம்மையை வரைந்த இருவருக்கும் ஒரே விஷயம் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி படத்துக்கு வருகிறேன். ரைலி என்ற பெண்ணுக்கு இப்போது வயது 13. அவள் தலைக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு ஆகிய ஐந்து உணர்ச்சிகளும் ஆட்களாக உட்கார்ந்து ஒரு பலகையில் பொத்தான்களை அழுத்தி அவளை நடத்திக்கொண்டிருக்கின்றன. பருவ வயது வந்ததும் பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று நான்கு புதியவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். கூச்சம் இருக்கிறதே, அது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தடியன். ஆள்தான் மலை மாதிரி. யாராவது பார்த்துவிட்டால் சட்டையோடு சேர்ந்த தொப்பிக்குள் முகத்தை இழுத்து, அதன் நாடாவை இறுக்கிக்கொள்கிறது. மூக்கு மட்டும் வெளியே தெரியும். பையன் ஒவ்வொரு முறையும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நாணத்தையே ஒரு பாவையாக்கி, அதன் கையில் ஒரு நாணையும் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு இந்தப் பக்கம் வேறொரு சிரிப்பு.

அசைவா உயிரா என்ற கேள்விக்கு விடை மாதிரி அமைந்த காட்சி முடிவில் வருகிறது. ரைலி ஹாக்கி ஆடும்போது பதற்றம் கட்டுப்பாட்டுப் பலகையைப் பிடித்துக்கொள்கிறது. ஆரஞ்சு நிறச் சூறாவளியாகச் சுழல்கிறது. யாராலும் பக்கத்தில் போக முடியவில்லை. மகிழ்ச்சி எப்படியோ அந்தச் சுழலுக்குள் நுழைந்து பார்த்தால், நடுவே பதற்றம் அசையாமல் நிற்கிறது. கை பலகையில் ஒட்டியிருக்கிறது, கண்கள் விரிந்திருக்கின்றன, கண்ணில் நீர் கோத்திருக்கிறது. இத்தனை நேரம் துறுதுறுவென்று ஓடிய உருவம் முதல்முறையாக நின்றுவிட்டது. அரங்கமே அப்போதுதான் மூச்சைப் பிடித்தது. சிக்கன் கேட்ட பையனும் பேசவில்லை.

படத்தில் மிக அதிகமாக உயிர் தெரிந்த இடம் மிகக் குறைவாக அசைந்த இடம். இதைச் செய்வது எளிதில்லை என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கணினியில் செய்த உருவத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டால் அடுத்த நொடியே அது பிணமாகிவிடும். அதனால் நிற்கும்போதும் இமை ஓரம், தோள்பட்டை, மூச்சு வாங்கும் மார்பு என்று எங்காவது கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் அசைவை விட்டுவைப்பார்கள். 'மூவிங் ஹோல்டு' என்பது அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். உயிர்ப்பு என்று நாம் சொன்னால் மூச்சும் அடங்கும், துடிப்பும் அடங்கும்.

மற்றச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'இயங்குபடம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான், இயக்கம் என்பதற்குத் தமிழில் ஆழமும் உண்டு. 'மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்' என்கிறது தொல்காப்பியம்: உடம்பாகிய மெய்யெழுத்தைச் சொல்ல உயிராகிய அகரம் கூட வர வேண்டும். ஆனால் நடிகர்கள் நடித்த படமும் இயங்குகிற படம்தானே? அதை இயக்க ஓர் இயக்குநர் வேறு இருக்கிறார். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர் ஒன்றைத் தனியாகக் காட்டாது. 'கார்ட்டூன்' என்பது தடித்த காகிதத்துக்கான இத்தாலியச் சொல்லில் தொடங்கியது. அட்டைப்பெட்டியை நாம் கார்ட்டன் என்கிறோமே, அதன் உடன்பிறப்பு. தமிழில் கேலிச்சித்திரம், கருத்துப்படம் என்று அதற்கு நல்ல பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அவை பத்திரிகையில் அசையாமல் இருப்பவை. அம்மாவின் 'பொம்மைப்படம்' பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சின்னப்பிள்ளை விஷயம் என்ற இளக்காரம் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'உயிர்மருட்டு' என்று வள்ளுவரிடமே கடன் வாங்கலாம் என்றால், மருட்டு இன்றைய காதில் மிரட்டு என்று விழும்.

உயிரூட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'அந்தப் பாத்திரத்துக்கு உயிரூட்டியிருக்கிறார்' என்று நடிகர்களைப் பாராட்டி எழுதி எழுதி அந்தச் சொல்லை நாமே தேய்த்துவிட்டோம். இருந்தாலும் 'உயிரூட்டப் படம்' என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. என் வசதிக்கு நான் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டேன். அலுவலகக் கூட்டத்தில் திரையின் ஓரத்திலிருந்து வரிகள் பறந்து வந்து விழுகின்றனவே, அது அசைவூட்டம். கூச்சம் தன் நாடாவை இறுக்கிக்கொண்டது உயிரூட்டம்.

சீக்வலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் லத்தீன், தொடர்தல் என்ற வினையில் பிறந்தது. தமிழில் 'இரண்டாம் பாகம்' என்கிறோம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். கறாராகப் பார்த்தால் பாகம் என்பது பங்கு, பாகப்பிரிவினையில் வருகிற அதே பாகம். முழுதாக இருந்த ஒன்றைப் பிரித்தால்தான் பாகம். கல்கியின் நாவலை 2022, 2023 என்று இரண்டு படமாகப் பிரித்தார்களே, அது உண்மையிலேயே இரண்டு பாகம். 2015இல் முடிந்துபோன கதைக்கு ஒன்பது ஆண்டு கழித்து இன்னொரு கதை வந்தால் அது தொடர்ச்சி. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்கு 'சென்ற இதழ்த் தொடர்ச்சி' பழக்கமான சொல்தான். பின்னால் எடுத்து முன்னால் நடந்ததைச் சொல்லும் படத்துக்கு, 'முன்கதைச் சுருக்கம்' தந்த அதே பத்திரிகைகளிடமிருந்து 'முன்கதை'யை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாகத்தை மட்டும் யாராலும் இனி மாற்ற முடியாது என்று நினைக்கிறேன். போஸ்டரில் 2 என்று ஓர் எண்ணைப் போட்டால் போதும் என்றாகிவிட்ட பிறகு, சொல்லுக்கே வேலை குறைவு.

படத்தில் இன்னொரு பாத்திரம் உண்டு. கண்ணாடி போட்ட ஒரு கிழவி. அவ்வப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள், 'உனக்கு இன்னும் காலம் வரலை' என்று மற்ற உணர்ச்சிகள் அவளைத் திருப்பி அனுப்பிவிடும். அம்மா அரங்கில் வாய்விட்டுச் சிரித்தது அவளைப் பார்த்துத்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில் பையன் கேட்டான்: "மாமா, அந்தப் பாட்டி பேரு நாஸ்டால்ஜியா. அதுக்குத் தமிழ்ல என்ன?"

கடந்தகால ஏக்கம், நினைவேக்கம் என்று நான் ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பழைய நெனப்பு."