விரல் விட்டு எண்ணட்டும், விடுங்கள்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற மாதம் பேரனை அழைத்துப்போக வந்த அப்பத்தா ஒருவர் வருத்தத்தோடு சொன்னார்: “டீச்சரம்மா, இவன் இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறான். இவனுடைய ஐயா வட்டிக் கணக்கையே வாயால் சொல்வார்.”

எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று அவனைக் கேட்டேன். “ஒன்று, இரண்டு” என்று தொடங்கி எட்டு விரலை நீட்டினான். ஐந்தைக் கூட்ட விரல் போதவில்லை. முகம் வாடிவிட்டது. விரலில் குற்றமில்லை. எட்டு என்று சொன்ன பிறகு அதை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. கையைத் தட்டிவிட்டால் அது பிடிபடாது. மேசைக்கு அடியில் ஒளித்து எண்ணத்தான் பழகுவான்.

எட்டை மனத்தில் வைத்து மேலே எண்ணச் சொன்னால் முதலில் ஒரு தவறு கட்டாயம் வரும். “எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு” என்று ஐந்து விரலை மடக்கிப் பன்னிரண்டு என்பார்கள். “எட்டு வீட்டுக்குள் போய்விட்டது, கதவைச் சாத்தியாயிற்று. வாசலில் அடுத்து நிற்பது யார்?” என்று கேட்பேன். “ஒன்பது!” என்று கத்துவார்கள்.

இதோடு நின்றுவிடக் கூடாது. பத்தாக்கிப் பார்ப்பதுதான் மனக்கணக்கின் உயிர். எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் பழைய ஆத்தங்குடிச் சதுரத் தரைக்கல் பதித்திருக்கிறது. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் கற்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். கல்லுக்கு ஒன்றாக எட்டுப் புளியங்கொட்டை வைத்தான் அந்தப் பையன். இரண்டு கல் காலி. கையில் ஐந்து கொட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. காலிக் கற்களையே பார்த்தவன், இரண்டு கொட்டையை அவற்றில் வைத்தான். உள்ளங்கையை விரித்து மிச்சத்தைப் பார்த்தான். “பத்து… மூன்று. பதின்மூன்று!” ஒரு விரலும் மடங்கவில்லை.

நம் எண்ணுப்பெயர்களே இங்கே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. பதின்மூன்றுக்குள் பத்தும் மூன்றும் காதில் கேட்கின்றன. இருபத்தேழுக்குள் இருபதும் ஏழும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் வீட்டில் தமிழில் எண்ணச் சொல்லுங்கள். ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்ற பெயர்களில் பத்து கேட்பதில்லை. தமிழிலும் சறுக்கும் இடம் உண்டு: தொண்ணூறு. அதில் ‘நூறு’ ஒலிப்பதால் பிள்ளைகள் குழம்புவார்கள். அங்கே மட்டும் கொஞ்சம் பொறுமையாக நடத்த வேண்டும்.

இரட்டைகள் எளிதில் மனத்தில் நிற்கும். ஆறும் ஆறும் பன்னிரண்டு தெரிந்தால், ஆறும் ஏழும் அதற்கு அடுத்ததுதான். ஒன்பதைக் கூட்டப் பத்தைக் கூட்டி ஒன்றைக் குறைக்கலாம்.

என்னை மிகவும் வருத்துவது அவசரம். மனத்தில் கூட்டத் தெரிவதற்கு முன்பே ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டும் முறையைத் திணித்துவிடுகிறோம். வாரச்சந்தையில் அம்மாவோடு கீரை விற்கும் ஒரு சிறுமி, 27-உம் 15-உம் சேர்த்து 312 என்று நோட்டில் எழுதியிருந்தாள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டும் ஒன்றும் மூன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டாள். நோட்டை மூடிவிட்டு, “27 ரூபாய்க்கும் 15 ரூபாய்க்கும் கீரை கொடுத்தால் எவ்வளவு வாங்குவாய்?” என்றேன். “இருபதும் பத்தும் முப்பது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. நாற்பத்திரண்டு, டீச்சர்.” தெரிந்த கணக்கை நோட்டில் மறக்கடித்தவர்கள் நாம்தான்.

2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, செயல்பாடுகள் மூலம் கற்பிக்கச் சொல்கிறது. அதே பிள்ளையிடம் வீட்டில் “சீக்கிரம் சொல், சீக்கிரம் சொல்” என்று விரட்டினால் பயம்தான் வரும். “எவ்வளவு?” என்பதோடு “எப்படிச் செய்தாய்?” என்றும் கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள்.

அந்த அப்பத்தாவுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பத்துப் புளியங்கொட்டை. சிலவற்றை ஒரு கையில் மூடிக்கொண்டு மிச்சத்தைக் காட்ட வேண்டும். மூடிய கையில் எத்தனை என்று பேரன் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வளவில் உட்கார்ந்து விளையாடுகிறார்களாம். இப்போது பேரன் மூடுகிறான், அப்பத்தா சொல்கிறார்.