உருமாற்றம் வேறு, மரபுத்திரிபு வேறு

கனடாவில் ஒரு கஞ்சாப் பசுங்குடிலைப் பற்றிய வீடியோ. கீழே தமிழ் வரி: 'குளோன் செடியின் இலைகளில் விநோத உருமாற்றம்'. படத்தில் இருந்தது ஐந்து விரல், ஏழு விரல் என்று விரிய வேண்டிய இலை ஒற்றை விரலாக, ஓரத்தில் பல்வரிசையே இல்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னக் கன்று. பேசுபவர் 'மியூட்டேஷன்', அதாவது மரபணுவில் வந்த மாற்றம் என்கிறார், மொழிபெயர்ப்பாளர் கையோடு 'உருமாற்றம்' என்று தட்டிவிட்டார். கொரோனா காலத்தில் பிடித்த பழக்கம் இது. 'உருமாறிய கொரோனா' என்று செய்தித்தாள்கள் எழுத ஆரம்பித்தன, இன்றுவரை எந்த மியூட்டேஷனைப் பார்த்தாலும் அதே முத்திரைதான்.

மியூட்டேஷனுக்கு வேர் லத்தீன், மாறுதல் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உயிரியலில் அதை ஊன்றியவர் நெதர்லாந்தின் ஹியூகோ டி விரீஸ். ஹில்வெர்சம் ஊருக்குப் பக்கத்தில், மாலையில் பூக்கும் ஒரு ப்ரிம்ரோஸ் செடியில் புதுப்புது வடிவங்கள் திடுமென முளைப்பதைப் பார்த்து, 1901இல் கோட்பாடாகவே எழுதினார். நம் பாடநூல்களின் 'சடுதி மாற்றம்' அந்தத் 'திடும்' என்பதிலிருந்து வந்ததுதான். குளோன் என்பது கிரேக்கத்தில் சின்னக் கிளை, 1903இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெப்பர் அதைச் சொல்லாக்கினார். அதாவது நம் முருங்கைப் போத்து. கிளையை ஒடித்து நட்டு வளர்ப்பதற்கு 'போத்து' என்ற சொல் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்க, 'நகல் செடி' என்று அரபி வழி வந்த சொல்லைத் தேடிப் பிடிப்பானேன்? நகல் என்றதும் ஜெராக்ஸ் நினைவு வந்து, அசலுக்கும் அதற்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இருக்காது என்று வாசகர் நம்பிவிடுகிறார். போத்து அப்படி எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

சரி, உருமாற்றத்துக்கு வருவோம். உரு என்றால் வடிவம். கம்பளிப்புழு பட்டாம்பூச்சி ஆவது உருமாற்றம், தலைப்பிரட்டை தவளை ஆவது உருமாற்றம். இரண்டிலும் மரபணு மாறவில்லை, உடல்தான் மாறுகிறது. மியூட்டேஷன் இதற்கு நேரெதிர்: டிஎன்ஏவில் எழுத்து மாறினால் அது மியூட்டேஷன், உருவம் மாறினாலும் மாறாவிட்டாலும். ஆக, ஒரு கருத்துக்கு அதன் எதிர்ப்பக்கத்துச் சொல்லை மாட்டி வைத்திருக்கிறோம்.

இது சொல்லாராய்ச்சிக்காரனின் வீண் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் அந்தக் கோணல் இலையையே கொஞ்சம் பார்க்கட்டும். கஞ்சாவில் விதையிலிருந்து வரும் முதல் சோடி உண்மை இலைக்கு ஒரே விரல், அடுத்து மூன்று, அப்புறம் ஐந்து, ஏழு. பூக்கத் தொடங்கிய செடியில் போத்து எடுத்தால், அது வேர் பிடித்துத் திரும்ப இலைவளர்ச்சிக்கு வர வேண்டும். பூப்பதற்கான உத்தரவு இன்னும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்க, அதற்கு மேல் நீண்ட பகல் வெளிச்சம் 'இலை விடு' என்கிறது. இந்த இழுபறியில் முதலில் வருபவைதான் ஒற்றை விரல், வழவழ ஓரம், முறுக்கிய காம்பு. வாரங்கள் போகப்போக மூன்று விரல் வரும், ஐந்து வரும், பழைய இலை திரும்பிவிடும். வளர்ப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்து, கிளை அடர்த்தியாக வருகிறது என்று 'மான்ஸ்டர் க்ராப்பிங்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். இங்கே மரபணு அப்படியே இருக்கிறது. வீடியோவில் பார்த்த கன்றும் இந்த வகைதான் என்பது என் கணிப்பு, அதை மியூட்டேஷன் என்று பேசியவர் சொன்னதே தப்பு. வேடிக்கை என்னவென்றால் 'உருமாற்றம்' என்ற தமிழ் வரி படத்துக்குப் பொருந்திவிட்டது, மொழிபெயர்ப்பு தவறாக இருந்ததால்!

இலை கோணலாவதற்கு இரண்டாவது காரணம், நோய். ஹாப் லேட்டன்ட் வைராய்டு என்று வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி ஒன்று இருக்கிறது, வெறும் 256 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ வளையம். கலிபோர்னியாவில் செடிகள் குட்டையாகி, இலை சிறுத்து, தண்டு படக்கென ஒடிந்து, பிசின் சுரப்பு குறைந்து போனதற்குக் காரணம் இதுதான் என்று 2019இல் கண்டுபிடித்தார்கள். இது போத்து வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும், வெட்டும் கத்தி வழியாகவும் பரவும். 'தாய்ச்செடியில் இருந்தது கன்றிலும் வந்துவிட்டது, ஆக மியூட்டேஷன்' என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். தமிழில் இதற்கும் உருமாற்றம் என்றே எழுதுவார்கள், சந்தேகமே இல்லை.

மூன்றாவதுதான் நிஜமான மியூட்டேஷன். ஒரு கிளையின் நுனி மொட்டில் ஒரு செல் மாறி, அதன் வாரிசுகள் பெருகி, இலையில் பாதி பச்சை பாதி வெள்ளை என்று நடுநரம்பை ஒட்டிக் கோடு போட்ட மாதிரி வரும். அந்தக் கிளையிலிருந்து எடுத்த போத்து வெள்ளையைக் கொண்டுபோகலாம், பக்கத்துக் கிளையின் போத்து சுத்தப் பச்சையாக வரும். ஆனால் இதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தாய்ச்செடியின் அடி, நடு, நுனி மூன்றிலும் திசு எடுத்து டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தார்கள். அடியைவிட நுனியில் திரிபுகள் அதிகம். ஒரே செடிக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது. உருவில் ஒன்றும் தெரியாத இதை 'உருமாற்றம்' என்றால் வாசகர் எதைப் பார்ப்பார்? மெல்ல மெல்லச் சேர்வதைச் 'சடுதி' என்றால்தான் என்ன அர்த்தம்? டி விரீஸின் ப்ரிம்ரோஸிலேயே பல வடிவங்களுக்குக் காரணம் குரோமோசோம் அமைப்பிலும் எண்ணிக்கையிலும் வந்த மாற்றங்கள் என்று பின்னால் தெரிந்துவிட்டது. கோட்பாடு போயே போய்விட்டது, அவருடைய அவசரம் மட்டும் நம் பாடநூலில் தங்கிவிட்டது.

இலங்கைப் பாடநூல்களில் 'விகாரம்' என்பார்கள். உண்மையைச் சொன்னால் இதில்தான் அறிவு இருக்கிறது. நன்னூல் விகாரம் மூன்று என்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். ஓர் எழுத்து புதிதாக வரலாம், வேறாகலாம், இல்லாமல் போகலாம். டிஎன்ஏ எழுத்துகளுக்கு நடப்பதும் அச்சு அசலாக இந்த மூன்றுதான், புணர்ச்சி இலக்கணம் படித்த பிள்ளைக்கு மரபணுப் பாடம் பாதி முடிந்தது. இருந்தும் தமிழ்நாட்டில் இதை எடுக்கத் தயக்கம் எனக்கு. இங்கே விகாரம் என்றால் அவலட்சணம். 'இலை விகாரமாக இருக்கிறது' என்று எழுதினால், முறுக்கிய இலை, இலைப்பேன் கடித்த இலை, வைராய்டு இலை எல்லாம் மறுபடி ஒரே கூடைக்குள் வந்து விழும். சில நாளிதழ்களின் 'மரபணுக் கோளாறு' இன்னும் மோசம். வாத்துப் பாதம்போல விரல்கள் ஒட்டிய இலையுடைய 'டக்ஸ்ஃபுட்' என்று ஒரு கஞ்சா வகை, பார்த்தால் கஞ்சா என்றே தெரியாது என்பதற்காகத் தேடிப்போய் விதை வாங்குகிறார்கள். அதில் கோளாறு எங்கே இருக்கிறது?

அதனால் நான் எழுதுவது மரபுத்திரிபு. மாறுவது எது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, நல்லதா கெட்டதா, வேகமா மெதுவா, கண்ணுக்குத் தெரிகிறதா என்பதில் எல்லாம் அது மூக்கை நுழைப்பதில்லை. 'திரிதல் மூன்றில் ஒன்றுதானே, தோன்றலும் கெடுதலும் எங்கே' என்று இலக்கணக்காரர் கேட்பார். மாறுபாடு என்ற பொதுப்பொருளிலும் திரிபு நெடுங்காலமாக வழங்குகிறது, போதும். 'டெல்டா திரிபு' என்று வைரஸ் வகைக்கு ஏற்கெனவே அதைக் கொடுத்துவிட்டார்களே என்பது இன்னொரு கேள்வி. அது திரிந்த வகை, திரிபு நடந்த பிறகு கிடைப்பது. நிகழ்ச்சிக்கும் அதன் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்தது மருத்துவச் செய்தி எழுதியவர்களின் குழப்பம், அதைச் செடிகள் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு கிளையில் மட்டும் வருவதை ஆங்கிலத் தோட்டக்காரர்கள் 'ஸ்போர்ட்', 'பட் ஸ்போர்ட்' என்பார்கள். அதை இயந்திரத்திடம் கொடுத்தால் 'மொட்டு விளையாட்டு' என்று துப்புகிறது, மனித மொழிபெயர்ப்பாளர் சிலர் அதைத் திருத்தாமலே அனுப்புகிறார்கள். கிளைத்திரிபு என்றால் முடிந்தது. பீச் மரத்தின் ஒரு கிளையில் வழவழப்பான தோலுள்ள நெக்டரின் பழம் காய்ப்பதை டார்வினே 1868இல் விரிவாக எழுதியிருக்கிறார். செவ்வாழைத் தோப்பில் எப்போதாவது ஒரு பக்கக்கன்று செந்நிறம் இழந்து பச்சைத் தண்டோடு எழும்புமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

எழுதும்போது 'மரபு திரிபு' என்று பிரித்து, ஒற்றையும் விழுங்கிவிட வேண்டாம். மரபுக்கவிதையில் க் மிகுவதுபோல் இங்கே த் மிகும்.