விழுந்துகொண்டே படம் பிடிப்பது எப்படி?

விமானத்திலிருந்து குதித்து, பாராசூட்டில் இறங்கும் ஸ்கைடைவிங் விளையாட்டின் வீடியோக்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். கேமராவுக்கு எதிரே விழுந்துகொண்டிருப்பவர் பாராசூட்டை விரித்ததும், யாரோ மேலிருந்து சுண்டி இழுத்ததுபோல் சட்டென்று வானத்துக்குள் ஏறி மறைந்துவிடுவார். உண்மையில் அவர் ஓர் அடிகூட மேலே போகவில்லை. மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் விழுந்துகொண்டிருந்தவரின் வேகம் ஒரு சில விநாடிகளில் 20 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். படம் எடுப்பவர் மட்டும் பழைய வேகத்திலேயே கீழே போய்க்கொண்டிருக்கிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் கூடவே ஓடி வந்த ரயில் பிரேக் போட்டால், அது பின்னால் போவதுபோல் நமக்குத் தோன்றுமே, அதேதான் இதுவும். இங்கே அது செங்குத்தாக நடக்கிறது.

வானத்தில் அசையாமல் நிற்க இடமே கிடையாது. எடுப்பவரும் விழுகிறார், எடுக்கப்படுபவரும் விழுகிறார். இருவரின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் திரையில் அசைவாகத் தெரிகிறது. அதனால் இந்தக் கலையில் கேமராவை இயக்குவது சின்ன வேலை. தன் உடம்பு விழும் வேகத்தை இயக்குவதுதான் பெரிய வேலை.

குதித்த முதல் 10, 12 விநாடிகளுக்கு வேகம் ஏறிக்கொண்டே போகும். வேகம் ஏற ஏறக் காற்றின் தடையும் ஏறும். தடை உடல் எடைக்குச் சமமானதும் வேகம் அதற்குமேல் ஏறாது. இதை முற்றுத் திசைவேகம் என்கிறோம். வயிறு தரையைப் பார்க்க, கை கால்களை விரித்து விழுந்தால் அது சுமார் 190 கி.மீ. தலைகீழாக விழுந்தால் 250ஐத் தொடும். காற்றில் படும் பரப்பு கூடக் கூட இந்த வேகம் குறையும். ஒரு சின்னக் கணக்கு: பரப்பை 10 சதவீதம் கூட்டினால் வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. மணிக்கு 9 கி.மீ. என்று சொன்னால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது விநாடிக்கு இரண்டரை மீட்டர். படம் எடுப்பவர் பெரும்பாலும் இரண்டு, மூன்று மீட்டர் தள்ளித்தான் இருப்பார். கைகளைக் கொஞ்சம் அதிகமாக விரித்தாலே, கண் இமைத்துப் பார்ப்பதற்குள் எதிரே இருந்தவர் படத்தின் அடியோரத்துக்கு இறங்கிப் போய்விடுவார்.

முன்னே போக வேண்டுமானால் கால்களை நீட்ட வேண்டும். பின்னே வர வேண்டுமானால் கைகளை நீட்டி, முழங்காலை மடக்க வேண்டும். லென்ஸில் ஜூம் செய்யும் வேலையைக் கால்கள் செய்கின்றன. இதற்கு உதவத்தான் கேமரா சூட் என்ற தனி உடை இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை துணியாலான இறக்கை ஒன்று அதில் இருக்கும். கையை விரித்தால் இறக்கை காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். கையை ஒடுக்கினால் வேகம் கூடும். தன்னைவிட மெதுவாக விழும் ஒல்லியான ஆளோடும், வேகமாக விழும் கனத்த ஆளோடும் ஒரே நாளில் சேர்ந்து பறக்க முடிவது இதனால்தான். இறக்கையில் ஒரு சிக்கலும் உண்டு. பாராசூட்டை விரிக்க ஒரு கை பின்னால் போகும்போது அந்தப் பக்கத்து இறக்கை சுருங்கிவிடும், உடல் ஒரு பக்கமாகச் சாயும். அடுத்த கையையும் அதே அளவு உள்ளே கொண்டுவரக் கற்க வேண்டும். இதைக் கேமரா இல்லாமலே பலமுறை பழகிவிடுவது நல்லது.

எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதையும் இயற்பியலே சொல்லிவிடுகிறது. விழுகிறவரின் முதுகுக்கு மேலே காற்று கலைந்து, தாங்கும் சக்தி இல்லாமல் கிடக்கும். அந்த இடத்துக்குள் போனால் நம்மைத் தாங்கிக்கொண்டிருந்த காற்று திடீரென்று இல்லாமல் போய், நேராக அவர் மேலேயே விழுவோம். சரி, கீழே போகலாமா என்றால் அதுவும் ஆபத்து. நம் பாராசூட் எதிர்பாராமல் விரிந்துவிட்டால், மேலே இருப்பவர் அதன்மீது மோதுவார். ஆகவே பக்கவாட்டில்தான் இடம்.

வானத்தில் கேமராவைத் தாங்கும் முக்காலி நம் தலைதான். கேமரா ஹெல்மெட்டில் இருக்கிறது, ஆகவே பார்ப்பதெல்லாம் படம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மணிக்கட்டில் கட்டியிருக்கும் உயரமானியைக் குனிந்து பார்த்தால் படமும் குனிந்துவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள். படம் கெடக் கூடாது என்று உயரத்தைப் பார்க்காமல் விடும் ஆசை அங்கேதான் தொடங்குகிறது. சுமார் 4,000 மீட்டரில் குதித்தால் கையில் இருப்பது ஏறக்குறைய 60 விநாடி. அதில் ஐந்து விநாடி கவனம் தப்பினால் 250 மீட்டருக்குமேல் போய்விடும். இதற்காகவே குறிப்பிட்ட உயரங்களில் காதருகே ஒலிக்கும் உயரமானியை ஹெல்மெட்டுக்குள் வைக்கிறார்கள். கைகள் பறக்கும் வேலையில் இருப்பதால், புகைப்படம் எடுக்கும் பொத்தானைப் பல்லால் கடித்து அழுத்துகிறார்கள். கண்ணுக்கு முன்னே வட்ட வட்டமாகக் குறி தெரியும் ஒரு சிறு கண்ணாடியையும் பலர் பொருத்திக்கொள்கிறார்கள். எடுக்க வேண்டியவர் அந்த வட்டத்துக்குள் இருந்தால் படத்தின் நடுவிலும் இருப்பார்.

கவனம் எவ்வளவு தூரம் தப்பலாம் என்பதற்கு 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த சம்பவத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 800க்கும் மேற்பட்ட முறை குதித்த அனுபவசாலி ஒருவர், ஒரு பயிற்றுநரையும் மாணவரையும் படம் எடுப்பதற்காக விமானத்திலிருந்து குதித்தார். பாராசூட்டை அணியாமலே குதித்துவிட்டார். வீடியோ சாதனங்களை முதுகில் ஒரு பையில் சுமந்திருந்தார். அந்தக் கனமே பாராசூட் இருப்பதுபோன்ற உணர்வைத் தந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அமெரிக்கப் பாராசூட் சங்கம் கேமராவை அணியுமுன் குறைந்தது 200 குதிப்புகள் முடித்திருக்க வேண்டும் என்று சொல்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். உயரம் பார்ப்பது, பாராசூட்டை விரிக்குமுன் மற்றவர்களைவிட்டு விலகுவது, பாராசூட் கோளாறைச் சமாளிப்பது எல்லாம் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழகியபின்தான் மனத்தில் படத்துக்கு இடம் மிஞ்சும்.

கோப்ரோ மாதிரி கைக்குள் அடங்கும் கேமராக்கள் வந்தபின் புதியவர்கள் பலர் கேட்கிறார்கள்: இவ்வளவு சின்னதுக்கு எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு? எடை சின்னதுதான், ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் பாராசூட்டின் கயிறு சிக்கும். பாராசூட் விரியும் நேரத்தில் ஒரு கயிறு கேமரா தாங்கியில் மாட்டினால் கழுத்தும் பாராசூட்டும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும். அதனால்தான் ஒரே இழுப்பில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடும் பிடி உள்ள வகையை வாங்கச் சொல்கிறார்கள். பெரிய கேமரா என்றால் கழுத்தின் பாடும் சேர்ந்துகொள்ளும். சாதாரணமாக விரியும்போதே உடல் தன் எடையைப்போல் மூன்று, நான்கு மடங்கு விசையை உணரும். 2 கிலோ ஹெல்மெட் அந்தக் கணத்தில் 8 கிலோ. தலை சாய்ந்திருந்தால் அடி முழுவதும் கழுத்துக்கு. ஆகவே விரியும்போது தலையை நிமிர்த்தி, நேராகத் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். மேலே திரும்பி அழகான ஒரு காட்சியைப் பிடிக்க அது நேரமில்லை.

கேமரா அமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அகலக் கோண லென்ஸ், வேகமான ஷட்டர், நிலையான குவியம் (ஃபோகஸ்). நான்கு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை தரையைவிடச் சுமார் 25 டிகிரி குறைவு. பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், ஈரக் காற்றுக்குள் இறங்கும்போது லென்ஸில் பனி படியும். முழு பேட்டரியோடு ஏறி, குதிக்குமுன் லென்ஸைத் துடைத்துவிட வேண்டும்.

முதல் சில குதிப்புகளுக்கு, வயிறு கீழாக அமைதியாக விழத் தெரிந்த அனுபவசாலிகள் ஒன்றிரண்டு பேரைப் படம் எடுத்தால் போதும். கேமரா போட்டிருப்பதை அவர்களிடம் தரையிலேயே சொல்லி, எந்த உயரத்தில் விலகுவது என்று பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். விமானத்தின் வாசலைவிட்டு வெளியேறும் கணம் தனிப் பாடம். அப்போது காற்று கீழிருந்து வராது, விமானம் போகும் திசையிலிருந்து வரும். நெஞ்சை அந்தக் காற்றுக்குக் கொடுத்து, முகத்தை மட்டும் எடுக்க வேண்டியவர் பக்கம் திருப்ப வேண்டும்.

தரைக்கு வந்ததும் வீடியோவைப் பொறுமையாக ஓடவிட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் படத்தில் மெல்ல மேலே ஏறினால், நாம் அவரைவிட வேகமாக விழுந்திருக்கிறோம். கீழே இறங்கினால் மெதுவாக விழுந்திருக்கிறோம். அவர் பெரிதாகிக்கொண்டே வந்தால், நம்மை அறியாமல் கால் நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடுவானம் சாய்ந்தே இருந்தால் தலை சாய்ந்திருக்கிறது, பெரும்பாலும் தோளும் சேர்ந்து சாய்ந்திருக்கும். அடுத்த குதிப்பில் இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துச் சரிசெய்தால் போதும்.