‘இட்’ என்கிற துண்டு

‘மை ஃபாதர் டெய்லர்.’ நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த வாக்கியம் காதில் விழும். அப்பாவின் தொழில் மாறும். நடுவில் ‘ஈஸ்’ மட்டும் வராது. இதை ஆங்கிலம் வராததன் அடையாளம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. தமிழ் நன்றாக ஊறியிருக்கிறது, அவ்வளவுதான். ‘என் அப்பா தையல்காரர்’ தமிழில் முழு வாக்கியம். பெயர்ச்சொல்லே பயனிலையாக வரலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. ஆங்கில எழுத்து நடையில் அந்தச் சலுகை கிடையாது, வினைச்சொல் வேண்டும்.

பெயர் வைத்ததிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சப்ஜெக்ட் என்றால் எழுவாய், பிரெடிகேட் என்றால் பயனிலை என்று மனப்பாடம் செய்துவிட்டோம். தமிழ்ப் பாடத்தில் ‘கமலா கடிதம் எழுதினாள்’ என்பதை மூன்றாகப் பிரிப்போம்: எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. ஆங்கிலப் பாடத்தில் இரண்டுதான். கமலா ஒரு பக்கம். ‘ரோட் எ லெட்டர்’ மொத்தமும் பிரெடிகேட். கடிதமும் அதற்குள் போய்விடுகிறது. இது தெரியாமல் வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு மதிப்பெண்ணை விடுபவர்கள் நிறையப் பேர்.

எழுவாய் இதைவிடப் பெரிய தொல்லை. ‘நேற்று வந்தேன்’ என்றால் நமக்குப் போதும். ‘ஏன்’ விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் நான் வந்தாலும் ‘கேம்’, அவர்கள் வந்தாலும் ‘கேம்’. ஆகவே ஆள் முன்னால் நின்றாக வேண்டும். ஆளே இல்லாவிட்டாலும் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. ‘இட் ஈஸ் ரெய்னிங்’ என்பதில் அந்த ‘இட்’ யார் என்று கேட்பார்கள். யாருமில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அந்தத் துண்டு.

சில சமயம் எழுவாயே மாறிவிடும். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதில் எழுவாய் தலை. ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’ என்பதில் நான். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு இரண்டு தம்பிகள்’ எல்லாம் இந்தக் கதைதான். ‘ஐ’ போட்டுத் தொடங்கினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

சரி, நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எங்கே முடிகிறது? யார், எது என்று கேட்டுப் பார்ப்பது பள்ளிக்கூட வழி. எனக்குப் பிடித்தது, வாக்கியத்தையே கேள்வியாக்கிப் பார்ப்பது. ‘தி மேன் நியர் தி டீ ஸ்டால் ஈஸ் எ டிரைவர்.’ கேள்வியாக்கினால் ‘ஈஸ்’ முன்னால் ஓடிவரும்: ‘ஈஸ் தி மேன் நியர் தி டீ ஸ்டால் எ டிரைவர்?’ அது தாண்டி வந்த ஆறு சொற்களும் சேர்ந்ததுதான் எழுவாய். தாண்டுவதற்கு ‘ஈஸ்’ மாதிரி எதுவும் இல்லையென்றால் ‘டிட்’டோ ‘டஸ்’ஸோ முன்னால் வந்து நிற்கும். ‘டிட் கமலா ரைட் எ லெட்டர்?’ அதற்கும் வினைக்கும் நடுவில் இருப்பவர் கமலா.

எல்லை தெரிந்தால், அதற்குள் தலைமைச் சொல் எது என்று பார்க்கலாம். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்று எழுதியதும், பக்கத்தில் பன்மை ஒட்டிக்கொண்டிருப்பதால் கை தானாக ‘ஆர்’ போடும். ஆனால் பேச்சு ஒரே ஒரு நண்பரைப் பற்றி. ‘ஈஸ்’தான் வர வேண்டும். ‘ஆஃப்’புக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்கச் சொல்வேன். (‘எ லாட் ஆஃப் பீப்பிள்’ வந்து இந்த விதியைக் கெடுக்கும். அங்கே ‘ஆர்’தான்.)

துண்டுக் கதையைச் சொன்ன அன்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “சார், ‘சிட் டவுன்’னு சொல்றீங்களே, அதுல துண்டு எங்க சார்?”

கட்டளையில் மட்டும் ஆங்கிலமும் நம்மைப் போலத்தான், ‘யூ’ மறைந்து நிற்கும், தமிழில் தோன்றா எழுவாய் என்கிறோமே அதுதான் என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்தான்.