சின்ன டியூபா, பெரிய விலை: பணத்தை எடுக்கும் முன்

டியூபா என்பது பேண்டில் அடிநாதம் தரும் பெரிய பித்தளை ஊதுவாத்தியம். பள்ளி பேண்டில் புது மாணவர்கள் சேரும் நேரம் வந்தால் சிங்கப்பூரில் இருக்கும் என் பட்டறைக்கு இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "குட்டி டியூபாதானே, ஏன் இவ்வளவு விலை சொல்கிறார்கள்?" கேட்கிறவர்களாவது பரவாயில்லை. போன வாரம் வந்தவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். பளபளவென்று புத்தம் புது வாத்தியம், சுரம் மாற்ற விரலால் அழுத்தும் வால்வுகளில் மூன்றாவதை அழுத்தினால் திரும்ப மேலே வரவில்லை. "பையனுக்கு ஏற்ற சைஸ் என்று 3/4 வாங்கினேன்" என்றார்.

இந்த 3/4தான் எனக்குத் தலைவலி. வயலினில் 3/4 என்றால் சிறுவர்களுக்கு உரியது. அதே கணக்கை டியூபாவுக்கும் போட்டுவிடுகிறார்கள். டியூபாவில் 3/4, 4/4, 6/4 எல்லாம் குழாய் எவ்வளவு பருமன், பெல் (சத்தம் வெளிவரும் விரிந்த வாய்) எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும் எண்கள். அதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. தயாரிப்பவர் வைத்ததுதான் சட்டம். ஒருவருடைய 3/4 இன்னொருவருடைய 4/4-க்குச் சமமாக நிற்கும். சுருதியைத் தீர்மானிப்பது குழாயின் நீளம். டியூபாக்களுக்குப் பெயரும் அந்தச் சுருதியை வைத்துத்தான். வால்வுகளோடு சேரும் குழாய்களை விட்டுவிட்டால் பி-பிளாட் டியூபாவுக்கு ஏறக்குறைய 18 அடி, சி டியூபாவுக்கு 16, ஈ-பிளாட்டுக்கு 13, எஃபுக்கு 12. இடுப்புயரம்கூட இல்லாத பி-பிளாட் டியூபாவிலும் அந்த 18 அடி இருக்கிறது, நெருக்கிச் சுற்றியிருக்கிறார்கள். எட்டு முழ வேட்டியை எத்தனை மடிப்பு மடித்தாலும் எட்டு முழம்தானே?

அதனால் 'சின்னது, விலையும் பாதி' என்ற கணக்கு செல்லாது. பித்தளை கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். வால்வுகளைக் கசிவில்லாமல் கடைந்து பொருத்துவதற்கும், குழாய் எந்த இடத்தில் எவ்வளவு விரிய வேண்டும் என்று வடிவமைப்பதற்கும் ஆகும் உழைப்பு சின்னதிலும் அதேதான். காசு அங்கேதான் போகிறது. அங்கே போகாத காசு மினுமினுப்பில் போயிருக்கும்.

சரி, யாருக்கு இது தகும்? எம்ஆர்டி ரயிலில் வாத்தியத்தைச் சுமந்து போகிறவர், அடுக்குமாடி வீட்டில் வைக்க இடம் தேடுகிறவர், ஐந்து பேர் குழுவில் வாசிக்கிறவர். இவர்களுக்கு நல்ல கையடக்க டியூபா கொடுத்த விலைக்கு உழைக்கும். ஐம்பது பேர் பேண்டில் அது ஒன்றை மட்டும் நம்பினால் அடிநாதம் மெலிந்துதான் கேட்கும். எந்த விற்பனையாளரும் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது அதோடு சேர்ந்த இழுகுழாயை, வெளியே இழுங்கள். சில நொடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. வரவில்லையென்றால் விலை எதுவானாலும் யோசியுங்கள். அப்புறம் ட்யூனர், அதாவது சுருதி சரியா என்று முள்ளால் காட்டும் கருவி. முதலில் சுரத்தை வாசித்துவிட்டுப் பிறகு முள்ளைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே வாசித்தால் உதடு தானாகச் சரிசெய்துவிடும். ஒன்று, மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறிப்போகும். அதைத் தவிர்க்கத்தான் நான்காவது வால்வு. 1874இல் லண்டனில் பிளெய்க்லி என்பவர் அமைத்த ஈடுசெய்யும் முறையும் இதே தொல்லைக்காக வந்ததுதான். மூன்றே வால்வு உள்ள டியூபாவை 'உயர்தரம்' என்று விற்றால் ஏன் என்று கேளுங்கள்.

விளம்பரத்தில் வராத செலவு ஒன்று உண்டு. சாதாரண டியூபாவில் ஒடுக்கு விழுந்தால் உள்ளே எஃகுக் குண்டை விட்டு, வெளியே காந்தம் வைத்து இழுத்துச் சரிசெய்வேன். நெருக்கிச் சுற்றிய குழாயின் உள்வளைவில் விழுந்தால் பல இடங்களில் காந்தம் நுழையாது. பற்றவைப்பைப் பிரித்து, எடுத்து, திரும்ப ஒட்ட வேண்டும். கூலி ஏறும், என்னைத் திட்டிப் பயனில்லை. உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். பெயர் தெரியாத தயாரிப்பின் வால்வு ஸ்பிரிங்குக்காகப் பெற்றோர் அலைவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது.

தயவுசெய்து, முதலாம் ஆண்டு மாணவனுக்கு டியூபா வாங்கவே வேண்டாம். பெரும்பாலும் பள்ளியே கொடுக்கும். அவனுக்கென்று நல்ல மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் கழற்றக்கூடிய முனை) ஒன்று போதும். இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடித்து, தானே கேட்டால் அப்போது பேசலாம். வாங்குவதென்றால் பேண்ட் ஆசிரியரையும் கூட்டிப் போங்கள். ஒரு வாரம் வாசித்துப் பார்க்கத் தர மாட்டோம் என்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வாங்கியே விட்டீர்களா? வால்வுக்கு எண்ணெய் விடுங்கள். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடைத் தொடாதீர்கள். அதைக் கழற்றும் கருவி என்னிடம் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.