மோல்டு: அளவில் பிறந்த சொல்

பிளாஸ்டிக் கம்பெனியிலும் இரும்பு வார்ப்பாலையிலும் கேக் கடையிலும் நாம் ‘மோல்டு’ என்று புழங்கும் சொல், இடைக்கால ஆங்கிலத்தில் ‘மோல்டே’ என்று வழங்கியது. குழைந்த பொருளையோ உருகிய பொருளையோ வாங்கிக்கொண்டு அதற்கு வடிவம் தரும் குழிவான கருவி என்பதுதான் இன்று சட்டென்று தோன்றும் பொருள். ஆனால் சொல்லின் வேரில் குழிவும் கிடையாது, உருக்குவதும் கிடையாது. அங்கே இருப்பது அளவு.

லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு, வரம்பு, முறை. அதன் குறுமை வடிவம் ‘மோடுலுஸ்’, அதாவது சிற்றளவு. கட்டடத்தின் ஓர் உறுப்பை அலகாக வைத்து மற்றவற்றை அளந்தால், அந்த அலகுக்கும் இதுவே பெயர். பழைய பிரெஞ்சில் இது ‘மோட்லே’ எனத் தேய்ந்தது. ஆங்கிலத்தில் டகரமும் லகரமும் இடம் மாறி ‘மோல்டே’ ஆனது. நம்மிடம் ‘தசை’ ‘சதை’ ஆனதும், ‘விசிறி’ ‘சிவிறி’ ஆனதும் இதே வகை இடமாற்றம்தான். மாடல், மாட்யூல், மாடரேட் எல்லாம் இந்த மோடுஸின் கிளைகள். ஸ்பானியத்தில் ‘மோல்தே’, இன்றைய பிரெஞ்சில் ‘மூல்’.

அளவு என்ற பொருள் எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதைத் தேவாலயம் கட்டிய கல்தச்சர்களின் பேச்சில் பார்க்கலாம். அவர்களுடைய மோல்டு எதையும் வார்க்காது. அது ஒரு மெல்லிய மரப்பலகை. தூணின் அல்லது வளைவின் குறுக்குவெட்டு முழு அளவில் வெட்டப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் யார்க் பேராலயத்திலும் வெல்ஸ் பேராலயத்திலும் இதற்கான வரைதளங்கள் இன்றும் இருக்கின்றன. சாந்து பூசிய தரையில் தலைமைக் கொத்தர் கவராயத்தால் வளைவைக் கீறுவார். அந்தக் கீறலின்படி தச்சர் பலகையை அறுப்பார். கல்வெட்டுபவர் அந்தப் பலகையைக் கல்லின் படுகை முகத்தில், அதாவது அடுத்த கல் வந்து உட்காரும் முகத்தில், வைத்துக் கோடு கீறுவார். எதிர் முகத்திலும் அதே கோடு. பிறகு இரண்டு கோடுகளுக்கும் இடையே கல்லைக் கொத்தி எடுத்தால் போதும்.

தவறு நேர்வது இங்கேதான். சமச்சீர் இல்லாத பலகையை எதிர் முகத்தில் புரட்டிப்போடாமல் கீறினால் இரு முனைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். கோட்டின் உள்விளிம்பில் வெட்டுவதா வெளிவிளிம்பில் வெட்டுவதா என்று எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றவில்லை என்றாலும் சிக்கல்: வரிசைக்கு 1 மில்லிமீட்டர் கூடினால் 40 வரிசையில் 4 சென்டிமீட்டர் ஏறிவிடும். பலகை ஈரத்தில் உப்பினாலும் இதே கதி.

காண்டர்பரி பேராலயம் 1174-இல் தீக்கிரையானபின், அதை மீட்டுக் கட்ட வந்த பிரான்சின் சான்ஸ் ஊர் வில்லியம், கூடிவந்த சிற்பிகளிடம் ‘கல்லை வடிவாக்கும் அச்சுகளை’ ஒப்படைத்தார் என்று அங்கே துறவியாக இருந்த ஜெர்வாஸ் எழுதிவைத்திருக்கிறார். ஜெர்வாஸ் லத்தீனில் எழுதியதால் அவர் ஆண்ட சொல் ‘ஃபார்மா’. வில்லியம் 1178-இல் சாரத்திலிருந்து விழுந்து முடங்கினார். இங்கிலாந்துக்காரரான இன்னொரு வில்லியம் வேலையைத் தொடர்ந்தார். வடிவம் பலகையில் இருந்தால் ஆள் மாறினாலும் கல் மாறாது. பலகையைக் கல்குழிக்கே அனுப்பி, வெட்டி முடித்த கல்லை மட்டும் வண்டியில் ஏற்றினால் கழிவுக்குக் கூலி கொடுக்கவும் வேண்டாம். அதனால்தான் மோல்டு வைத்திருப்பதே ஓர் அதிகாரமாக இருந்தது. பழைய கொத்தர் கட்டளைச் சுவடிகளில், வெறும் சுவர் அடுக்குபவருக்கு எந்தக் கொத்தரும் மோல்டோ மூலைமட்டமோ அளவுகோலோ செய்து தரக் கூடாது என்ற விதி வருகிறது.

சுவரிலும் தூணிலும் ஓடும் நெளிவரிகளுக்கு ‘மோல்டிங்’ என்ற பெயர் வந்தது இந்தப் பலகையால்தான். சில மொழிபெயர்ப்புகளில் இதை ‘வார்ப்பு அலங்காரம்’ என்று பார்க்கிறோம். கல்லை யாரும் வார்ப்பதில்லை! நம் கோயில் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒவ்வொரு வரிக்கும் தனிப்பெயர் உண்டு. பொதுப்பெயர் வேண்டுமென்றால் ‘வரியுறுப்பு’ போதும்.

மண் வேலைக்கு வந்தால் குழிவான மோல்டு கிடைக்கிறது. ஆனால் அளவு இங்கும் விட்டுப்போகவில்லை. இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டு காலத்து 1477-ஆம் ஆண்டுச் சட்டம், தட்டை ஓடு 10½ அங்குல நீளம், 6¼ அங்குல அகலம், குறைந்தது ⅝ அங்குலத் தடிமன் இருக்க வேண்டும் என்றது. மண்ணை நவம்பர் 1-க்குள் தோண்ட வேண்டும், பிப்ரவரி 1-க்கு முன் கிளறிப் புரட்ட வேண்டும், மார்ச் 1-க்கு முன் ஓடு போடக் கூடாது. குளிர்காலம் முழுவதும் மண் வெளியில் கிடந்தால் உறைபனி அதன் கட்டிகளை உடைத்துவிடும். கல்லையும் சுண்ணக்கட்டியையும் பொறுக்கி எடுக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு: சுண்ணத்துகள் சூளையில் நீறாகி, பிறகு மழை ஈரத்தை உறிஞ்சி உப்பி, ஓட்டின் முகத்தைப் பெயர்த்துவிடும்.

சட்டம் சொன்னது வெந்த ஓட்டின் அளவு. களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்குகிறது. மொத்தச் சுருக்கம் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், 10½ அங்குல ஓட்டுக்கு மோல்டு ஏறத்தாழ 11⅔ அங்குலம், 6¼-க்கு ஏறத்தாழ 7 அங்குலம் வேண்டும். மண்ணுக்கு மண் இது மாறும். ஈரக் களிமண் பட்டையில் 10 அங்குல இடைவெளியில் இரண்டு கோடு கீறி, சுட்டெடுத்து மறுபடி அளந்தால் அந்த மண்ணின் கணக்கு தெரிந்துவிடும். வேலை எளிது: மரச்சட்டத்தில் மணல் தூவி, மண்ணை ஓங்கி அடித்து, ஈரக்குச்சியால் மேலே வழித்து, சட்டத்தைத் தூக்குவது. மணல் குறைந்தால் ஓரம் பிய்யும். தயங்கிப் போட்டால் மூலை நிரம்பாது. வெயிலிலும் காற்றிலும் அவசரமாகக் காயவைத்தால் ஓடு முறுக்கிக்கொள்ளும்.

மணி வார்ப்பில்தான் மோல்டு இரண்டு பகுதியாகிறது: உள்ளே மணியின் வெற்றிடத்தைக் காக்கும் உள்கட்டி, வெளியே மேற்கூடு. யார்க் பேராலயத்தில் 14-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் டன்னாக் என்ற மணி வார்ப்பவர் கொடுத்த வண்ணக்கண்ணாடி ஜன்னலில் இந்த வேலையே சித்திரமாக இருக்கிறது. களிமண்ணோடு குதிரைச் சாணமும் ஆட்டுமயிரும் கலப்பார்கள். சூட்டில் அவை கருகி நுண்துளை விடும்; ஆவி அதன் வழியே வெளியேறும். மோல்டில் ஈரம் மிஞ்சியிருந்தால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் செம்பும் மீதி வெள்ளீயமுமான உருகிய உலோகம் உள்ளே போனதும் நீர் நீராவியாகக் குமுறும். மணியில் புழை விழலாம், மோல்டே வெடிக்கவும் செய்யலாம்.

ஆக, இடைக்கால ஆங்கிலத்தில் பார்த்துச் செய்யும் மாதிரியும் மோல்டே, ஊற்றி நிரப்பும் குழியும் மோல்டே. இன்றைய வார்ப்பாலை இரண்டையும் பிரித்துவிட்டது: மரத்தில் செய்த புடைப்பு உரு ‘பேட்டர்ன்’, அதை மணலில் பதித்து எடுத்தபின் மிஞ்சும் குழி ‘மோல்டு’. பேட்டர்ன் என்ற சொல்லுக்கும் ஒரு கதை. புரவலரைக் குறித்த ‘பேட்ரன்’தான் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்றாகி இப்படித் திரிந்தது.

தமிழில் ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் ஈடுகட்டப் பார்ப்பது வீண். பரந்த பொருளுக்கு ‘அச்சு’ நிச்சயம் பொருந்தும். அச்சுவெல்லம், அச்சுக்கூடம், கல்வெட்டுகளில் வரும் ஆனையச்சு என்ற காசு, ‘அச்சில் வார்த்தாற்போல’ என்ற வழக்கு எல்லாம் அதைச் சார்ந்தவை. அச்சு முறுக்கின் அச்சைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். மாவு அதன் உள்ளே நிரம்புவதில்லை, வெளியே ஒட்டிக்கொண்டு எண்ணெயில் பொரிகிறது. குழிவு இல்லாமலே அச்சு இருக்கலாம் என்பதில் நம் அச்சும் மோல்டேயும் ஒத்துப்போகின்றன. வண்டியின் அச்சு மட்டும் வேறு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

உலோகம் ஊற்றும் இடத்தில் ‘வார்ப்பச்சு’ என்றால் ஐயம் வராது. ‘வார்ப்பு’ என்று மட்டும் எழுதினால் தவறு. அது ஊற்றியெடுத்த பொருள், அச்சு அல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவின்மேல் வண்டல் மண் பூசி மூடுவதைக் ‘கருக்கட்டுதல்’ என்கிறார்கள். மெழுகு உருகி ஓடியபின் உருவைச் சுமக்கும் அந்தக் கூடு ‘கரு’. அச்செழுத்து வார்ப்பில் எழுத்தின் குழிவு பதிந்த செம்புத்துண்டை ஐரோப்பியர் ‘மேட்ரிக்ஸ்’ என்றதும் கருப்பை என்ற பொருளில்தான். கல்தச்சரின் பலகைக்கு ‘மாதிரிப்பலகை’ போதும். கணினிக்காரர்கள் ஆளும் ‘வார்ப்புரு’ அங்கே ஒட்டாது.

கடைசியாக, எழுத்து ஒன்றாயிருந்தும் உறவில்லாத இரண்டு சொற்கள். பொடிமண்ணைக் குறிக்கும் ‘மோல்டே’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அரைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. தோட்டக்காரர் சொல்லும் ‘லீஃப் மோல்டு’ இதன் வழி, தமிழில் இலைமக்கு. உணவில் பூக்கும் ‘மோல்டு’ மூன்றாவது. ‘மூலென்’ என்ற வினையின் வழி வந்தது, தமிழில் பூஞ்சை அல்லது பூசணம். அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் எழுத்துக்கூட்டலில் வேறுபட்டாலும், அவரவர் ஊரில் மூன்றையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். அதனால் மொழிபெயர்ப்பில் ‘ரொட்டியின்மேல் அச்சு வளர்ந்திருந்தது’ என்று படித்தால், அந்த ரொட்டியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.